முதுகில் விழும் சேறு

(திண்டிவனத்தில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் சைக்கிள் மட்கார்டு பற்றிப் பேசுகிறேன் என்றதும் இரண்டு பேர் போன் செய்து, "தலைப்பைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்களா சார்?" என்று கேட்டார்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். தடித்த டயர் போட்ட மலை சைக்கிளுக்கு எந்த மட்கார்டு பொருந்தும், அதை எப்படிப் பூட்டுவது, அதற்காகப் பள்ளிக்கூடம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பவைதான் விஷயம்.

உங்கள் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு சாதி வண்டிகள் நிற்கும். ஒன்று அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி. 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் அது. பிறகு எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் விரிந்து, இன்று மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்களின் கைக்கு வருகிறது. அந்த வண்டியில் முன்னும் பின்னும் இரும்பு மட்கார்டு உண்டு, செயின் கவர் உண்டு, கேரியர் உண்டு. நம் ஊர்ச் சாலையில் ஓட வேண்டிய வண்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது.

ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு அந்த வண்டி கிடையாது. அண்ணன் ஓட்டியதோ, மாமா வாங்கிக் கொடுத்ததோ, செகண்ட் ஹேண்டில் பேரம் பேசி எடுத்ததோதான். இன்று கடையில் பிள்ளைகள் கை காட்டும் வண்டி மலை சைக்கிள்தான். கியர் இல்லாவிட்டாலும் அதற்குப் பெயர் 'கியர் சைக்கிள்'. பருத்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்கும். மட்கார்டு மட்டும் இருக்காது. இருந்தாலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு சீட்டுக்கடியில் தொங்கும்.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்த வகை சைக்கிள் பிறந்தது 1970-களில், அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில். சில இளைஞர்கள் பழைய பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மலை மேல் ஏற்றிக்கொண்டு போய், மண்பாதையில் வேகமாக இறங்கி விளையாடினார்கள். அவர்கள் அந்தப் பழைய வண்டிகளில் முதலில் கழற்றி எறிந்தவற்றில் மட்கார்டும் ஒன்று. பாரம் குறைய வேண்டும், கடகடக்கக் கூடாது, கீழே விழுந்தால் உடைய ஒன்றும் இருக்கக் கூடாது. விளையாட்டுக்கு அது சரி. வீட்டுக்குப் போனால் குளித்துக்கொள்வார்கள். நம் பிள்ளை அதே வண்டியை ஏரிக்கரை மேல் ஓட்டிக்கொண்டு நேராக வகுப்பறைக்கு வருகிறான். மாலை நாலரை மணி வரை அதே சட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பள்ளி விடுமுறை விட்டோம், சரி. பள்ளி திறந்த பிறகுதான் சேற்றுக்காலம் தொடங்குகிறது. வெள்ளம் வடிந்த தெருவில் வண்டல் இருக்கும். புறவழிச்சாலையின் ஓரத்தில் லாரிச் சக்கரம் குழைத்த சகதி இருக்கும். செம்மண் ஊர் என்றால் கறை போகாது. கழுவேலிப் பக்கம் களிமண் என்றால் டயரை விட்டே போகாது.

அந்த நாட்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். மழை கொட்டும் நாளில் வராத பிள்ளைக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் வராத பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், "டிரஸ் காயல மிஸ்" என்பாள். எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் விலையில்லாச் சீருடை வருகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் வீட்டில்தான் எடுக்க வேண்டும், பல வீடுகளில் இரண்டு செட்தான். நேற்றுப் போட்டது சேறாகி, துவைத்து, ஈரக்காற்றில் காயாமல் கொடியில் தொங்குகிறது.

என் வகுப்பில் ஒன்பதாவது படித்த ஒரு மாணவி, மழைக்காலத்தில் நாள் முழுக்கச் சுவரை ஒட்டியே நடப்பாள். இடைவேளைக்கு எழுந்திருக்க மாட்டாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் "வேற யாரையாவது கூப்பிடுங்க சார்" என்பாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை. சக ஆசிரியை ஒருவர் தனியாக விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்சக்கரத்துச் சேறு சுடிதாரின் பின்பக்கம் ஒரு கோடாக விழுந்திருக்கிறது. அந்தக் கறையை வைத்துப் பையன்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதை இந்த மேடையில் நான் விளக்க வேண்டியதில்லை. இங்கிருக்கும் ஆசிரியைகளுக்குப் புரியும். பையன்களைக் கண்டித்தோம், அது ஒரு வேலை. அந்தக் கறையே விழாமல் செய்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும்.

இங்கே அறிவியல் ஆசிரியனாக ஒரு கணக்குப் போடாமல் என்னால் நகர முடியாது. ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் பாடம் நடத்துகிறோம். வட்டப்பாதையில் சுற்றும் பொருள் விடுபட்டால் தொடுகோட்டுத் திசையில் போகும் என்று சொல்கிறோம். கவண் கல்லை உதாரணம் காட்டுகிறோம். இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் கவணைக் கையால் தொட்டிருப்பார்கள்? டயரிலிருந்து தெறிக்கும் சேற்றை எல்லோரும் முதுகால் தொட்டிருக்கிறார்கள்.

சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர். பின்சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கி நகர்கிறது. அச்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 33 சென்டிமீட்டரில், ஒரு சேற்றுத் துளி பிரிந்தால் அது அதே வேகத்தில் செங்குத்தாக மேலே கிளம்பும். வண்டியோடு சேர்ந்து முன்னோக்கியும் போவதால், ஓட்டுகிறவருக்கு அது தன் பின்னாலேயே எழுவது போல இருக்கும். இயக்கச் சமன்பாட்டில் போட்டால் சுமார் 89 சென்டிமீட்டர் ஏறும். அச்சு உயரத்தையும் கூட்டினால் தரையிலிருந்து 1.2 மீட்டர், புத்தகப்பை தொங்கும் இடம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 1.9 மீட்டர் வருகிறது, தலைக்கும் மேலே. காற்றுத்தடை கொஞ்சம் குறைக்கும். இன்னும் சற்று மேலே பிரியும் துளிகள் முன்பக்கம் சாய்ந்து கிளம்பி நேராக முதுகைத் தாக்கும். முதல் மணி அடித்துவிட்டது என்று வேகமாக மிதித்து வருகிற பிள்ளையின் பின்னங்கழுத்தில் ஏன் சேறு இருக்கிறது என்பதற்கு இதுதான் விடை.

இதைக் கரும்பலகையில் போடுவதைவிட, ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரை நனைத்து, பக்கத்தில் பழைய செய்தித்தாளைப் பிடித்துச் சுற்றிக் காட்டுங்கள். பெடலை நீங்கள் சுற்றுங்கள். பிள்ளைகளின் விரல் கம்பிக்குள் போகாத தூரத்தில் அவர்களை நிறுத்துங்கள்.

இனி மட்கார்டைத் தேர்ந்தெடுப்பதற்கு வருகிறேன். முதலில் எல்லோரும் செய்ய நினைப்பது, வீட்டில் தாத்தாவின் பழைய சைக்கிளில் கிடக்கும் இரும்பு மட்கார்டைக் கழற்றி மாட்டுவது. பொருந்தாது. அது 28 இஞ்ச் சக்கரத்துக்கு வளைத்தது. டயரின் அகலமும் ஒன்றரை இஞ்ச்தான். மலை சைக்கிளின் டயர் பக்கவாட்டில் 26 பெருக்கல் 1.95 என்றோ 2.10 என்றோ அச்சிட்டிருக்கும். முதல் எண் சக்கர அளவு, இரண்டாவது டயரின் அகலம், இரண்டும் இஞ்ச் கணக்கு. 1.95-ஐ 25.4-ஆல் பெருக்கினால் சுமார் 50 மில்லிமீட்டர். மட்கார்டு டயரைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் அகன்றிருக்க வேண்டும். அப்படியென்றால் 60 மில்லிமீட்டருக்குக் குறைந்தது இந்த டயருக்கு உதவாது. கடைக்குப் போகும் பிள்ளையிடம் டயர் எண்ணை எழுதிக் கொடுத்து, கையில் ஒரு ஸ்கேலும் கொடுத்தனுப்புங்கள்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று சீட் கம்பத்தில் கவ்விப் பிடிக்கும் குட்டை மட்கார்டு. பூட்டுவது சுலபம், பார்க்க ஸ்டைலாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டயரிலிருந்து உயரத்தில் நிற்பதால் களிமண் அடைக்காது. ஆனால் குள்ளமான பிள்ளை சீட்டை முழுக்க இறக்கிவிட்டால் கவ்வுவதற்குக் கம்பத்தில் இடமே இருக்காது. மேடுபள்ளத்தில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பின்னால் வருகிறவர் முகத்தில் சேறு அடிப்பதையும் அது தடுக்காது. நம் பிள்ளைகள் வரிசையாகப் பேசிக்கொண்டேதான் வருவார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று சக்கரத்தை அணைத்தபடி வரும் முழு நீள மட்கார்டு. கம்பிகள் வைத்து அச்சருகே பூட்டுவது. என் தேர்வு இதுதான், அதிலும் பிளாஸ்டிக். இரும்பு கனமாக, உறுதியாக இருக்கும். ஆனால் மரக்காணம் உப்பளக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது அந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தெரியும். துருப்பிடித்து நுனி கிழிந்த இரும்பு மட்கார்டு கணுக்காலைக் கீறும். முழு நீளத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. துப்பட்டா சக்கரத்தில் சிக்குவதை மேல்பக்கமாவது அது தடுக்கும். பழைய லேடீஸ் சைக்கிள்களில் பின்சக்கரத்துப் பக்கவாட்டில் வலை கட்டியிருந்தது நினைவிருக்கும். அதைச் செய்தவர்கள் புடவையையும் தாவணியையும் மனத்தில் வைத்துச் செய்தார்கள். மலை சைக்கிளைச் செய்தவர்களுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

முழு நீளத்தில் இருக்கும் ஒரே தொல்லை களிமண். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. பிள்ளைகள் பாதி வழியில் குச்சியை விட்டு நோண்டிக்கொண்டு நிற்பார்கள். கோபம் வந்து ஒரு நாள் கழற்றியே எறிந்துவிடுவார்கள். இது மட்கார்டின் குற்றம் அல்ல, பூட்டியவரின் குற்றம். டயரை ஒட்டிப் பூட்டினால் அழகாக இருக்கிறது என்று ஒட்டிப் பூட்டிவிடுகிறார்கள். மேலே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின் மட்கார்டுக்குள் சேறு எந்தப் பக்கம் நுழைகிறது? சக்கரத்தின் பின்பக்கம் மேலே ஏறுவதால், மட்கார்டின் பின் நுனியில் நுழைந்து, மேல் வழியாகச் சுற்றி, பெடல் பக்கம் இருக்கிற முன் நுனியில் வெளியே விழுகிறது. எனவே பின் நுனியில் இடைவெளி குறைவாகவும், முன்னே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால், வாய் அகன்று உள்ளே குறுகும் மீன் பறி போல ஆகிவிடும். நுழைந்தது எல்லாம் சிக்கும். முன் நுனியில் ஒன்றரை விரல் அளவுக்கு வாஷர் அடுக்கித் தள்ளி வைத்தால் மண் தானாக உதிர்ந்துவிடும். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் வைக்கோலும் அப்படித்தான் வெளியேறும்.

பூட்டும் முறை கடினமானதல்ல. பெரும்பாலான மட்கார்டு போல்ட்டுகள் 5 மில்லிமீட்டர், அதற்கு எட்டாம் நம்பர் ஸ்பேனர். சில வண்டிகளில் அச்சுக்கு மேலே சின்னத் துளை இருக்கும், கம்பியை அங்கே பூட்டலாம். துளை இல்லாவிட்டால் நம் ஊர் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வது போல அச்சு நட்டைக் கழற்றி, கம்பியின் கண்ணை உள்ளே விட்டு, வாஷர் போட்டு இறுக்கலாம். அப்படிச் செய்தால் சக்கரம் நடுவில் நிற்கிறதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா, செயின் தொய்வு எப்படி என்று மறுபடியும் பார்த்தாக வேண்டும். நட் இல்லாமல் நெம்புகோலால் இறுக்கும் சக்கரம் என்றால் அச்சில் பூட்டக் கூடாது. ஃபிரேம் குழாயில் பிளம்பர் கடையில் கிடைக்கும் பைப் கிளாம்பைப் பழைய டியூப் ரப்பர் சுற்றி மாட்டி, அதில் பூட்டலாம். டிஸ்க் பிரேக் இருக்கும் இடது பக்கம் கம்பி இடிக்கும். அங்கே நீளமான போல்ட் போட்டு, நடுவில் தீர்ந்துபோன பேனாவின் குழாயை அரை இஞ்ச் வெட்டிச் சொருகினால் கம்பி விலகி நிற்கும்.

போல்ட்டின் தலை டயர்ப் பக்கம், நட் வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட்டின் முனை மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஒரு நாள் டயரையும் கிழிக்கும். கம்பி நீளமாக இருந்தால் ஆக்சா பிளேடால் அறுத்து, முனையில் பேனா மூடியோ ரப்பரோ செருகுங்கள்.

முன்சக்கரத்தில்தான் ஆபத்து இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பின் மட்கார்டு கழன்றால் சத்தம் வரும், அவ்வளவுதான். முன் மட்கார்டு கழன்று டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சுருண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பிள்ளை ஹேண்டில்பார் மேல் பறந்து முகம் குப்புற விழும். ஆகவே முன் மட்கார்டில் அரைகுறை வேலை கூடாது. டை போட்டுக் கட்டிய மட்கார்டு பின்னால் இருக்கலாம், முன்னால் கூடாது. ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு நட் போட்டுப் பூட்டுங்கள், அல்லது உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள்.

ஷாக் அப்சார்பர் உள்ள ஃபோர்க்கில் எங்கே பூட்டுகிறோம் என்பது முக்கியம். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் அடிக்காலில் பூட்டினால் இடைவெளி மாறாது. மேலே அசையாத பகுதியில் பூட்டினால், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் எழுந்து வந்து மட்கார்டை இடிக்கும். சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். நம்மில் உடம்பு கனமான ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரை முழு பலத்தோடு அழுத்தட்டும். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இந்தப் பதவியை மனமுவந்து ஏற்றிருக்கிறார். அவர் அழுத்தி இடிக்கவில்லை என்றால் எந்தப் பள்ளத்திலும் இடிக்காது.

முன் மட்கார்டின் அடி நுனி தாழ்வாக இருக்க வேண்டும். முன்சக்கரம் அடிக்கும் சேறுதான் காலணியிலும் செயினிலும் போய் விழுகிறது. மலை சைக்கிளுக்குச் செயின் கவரும் இல்லை. கடையில் வாங்கிய மட்கார்டு அந்த அளவுக்கு நீளாது. தண்ணீர் கேனிலோ எண்ணெய்க் கேனிலோ ஒரு சாண் துண்டு வெட்டி, இரண்டு போல்ட்டில் தொங்கவிடுங்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரையும் இரண்டாக மடித்து மாட்டலாம். எங்கள் பள்ளியில் ஒரு பையன் தலைவர் ஒருவரின் கண் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி மாட்டிக்கொண்டு வந்தான். எந்தத் தலைவர் என்று சொல்ல மாட்டேன். அதைத் திருப்பி மாட்டச் சொன்னோம்.

அரசு மிதிவண்டிகளிலும் சில பையன்கள் மட்கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். கேட்டால் "கடகடன்னு அடிக்குது சார்" என்கிறான். கம்பி நட் தளர்ந்திருக்கிறது, அதுதான் சத்தம். டியூப் ரப்பரில் இரண்டு வட்டம் வெட்டி வாஷராக வைத்து இறுக்கினால் சத்தம் நின்றுவிடும். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு நாள், மதிய இடைவேளையில், எல்லா வண்டிகளின் மட்கார்டு நட்டையும் பிள்ளைகளே இறுக்கட்டும்.

"இதெல்லாம் நம் வேலையா சார்? ஏற்கெனவே எமிஸ் பதிவேற்றம், தேர்வு, பயிற்சி என்று மூச்சு முட்டுகிறது" என்று ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. நாம் எல்லோரும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவரை ஒரு சனிக்கிழமை அழையுங்கள். பல ஊர்களில் அவர் நம் பள்ளியில் படித்தவராகத்தான் இருப்பார். அவர் வேலை செய்யட்டும், பிள்ளைகள் கூட நிற்கட்டும். மாணவிகள் கையிலும் ஸ்பேனர் போக வேண்டும், அதை மட்டும் கவனியுங்கள். இல்லையென்றால் பையன்கள் சூழ்ந்துகொண்டு இவர்களை வேடிக்கை பார்க்க வைத்துவிடுவார்கள். வாங்க முடியாத பிள்ளைக்குக் கேன் பிளாஸ்டிக்கில் பின் மட்கார்டு செய்து கொடுக்கலாம். அழகாக இருக்காது, முதுகு நனையாது.

மட்கார்டு இருக்கிறதே என்று தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது பிள்ளையை வரச் சொல்லிவிடாதீர்கள். அந்த நாளில் வீட்டில் இருக்கட்டும். நான் பேசுவது தண்ணீர் வடிந்த பிறகு வரும் பத்து, பதினைந்து நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் காலை வணக்கக் கூட்டத்தில் சேறான சீருடைக்காகப் பிள்ளையைத் தனியாக நிறுத்தும் வழக்கம் எங்காவது இருந்தால், அதை நிறுத்திவிடலாம். சட்டையில் இருக்கும் சேறு அந்தப் பிள்ளை எத்தனை கிலோமீட்டர் மிதித்து வந்தது என்பதற்கான கணக்கு.

பேச்சு போதும். வெளியே வேப்பமரத்தடியில் என் மாணவர் ஒருவரின் சைக்கிள் நிற்கிறது. டயர் 26 பெருக்கல் 2.10, முன்னால் ஷாக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், ஃபிரேமில் துளை கிடையாது. தொந்தரவான வண்டியாகப் பார்த்துத்தான் கேட்டு வாங்கி வந்தேன். மட்கார்டு, கிளாம்பு, பழைய டியூப், எட்டாம் நம்பர் ஸ்பேனர் இரண்டு, எல்லாம் பையில் இருக்கின்றன. தேநீர் வருவதற்குள் பின்சக்கரத்தை முடித்துவிடலாம். யாராவது இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வாருங்கள்.